ஆறு கோப்பைகளும் உடையவில்லை

காடு பார்க்க வருகிறவர்கள் தங்குகிற வுங்குத்தி முகாம் எழுபது வருஷத்துப் பழசு என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். பழசு என்று காட்ட அங்கே ஒரு சுவர்கூடக் கிடையாது. நவம்பரில் மழை பிடித்தால் லுவாங்வா ஆறு கரை ஏறும். குடிசைகளில் பாதியை ஆறு கொண்டுபோகும், மீதியைக் கரையான் பார்த்துக்கொள்ளும். மே மாதம் ஆட்கள் வந்து நாணலும் புல்லும் அறுத்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவார்கள். மழைக்கு முன்னால் லாரியில் ஏற்றி, பத்திரப்படுத்தி, திரும்பக் கொண்டுவந்து வைப்பது மூன்றே பொருள்: சாப்பாட்டு மேஜை, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம், நசுங்கிப்போன ஒரு கெட்டில். முகாமின் சரித்திரம் மொத்தமும் அவ்வளவுதான். அதில் கெட்டிலும் காகிதமும் கசுபாவின் அப்பாவைப் பற்றியவை.

கசுபா கித்வே நகரத்தில் போக்குவரத்துப் போலீஸ் சார்ஜென்ட். நாற்பத்தெட்டு வயது. இருபத்துநாலு வருஷம் ரவுண்டானாவில் நின்று கைகாட்டியதில் கால் நரம்பு புடைத்து, குரல் தடித்து, பொறுமை அடியோடு வற்றிப்போனவள். பெம்பா இனத்துக்காரரான அவள் அப்பா சிதாலு இந்த முகாமில் டீப்பெட்டிக்காரராக இருந்தார். காலை நடைக்குப் போகும் விருந்தாளிகளுக்குப் பின்னால், வரிசையின் கடைசி ஆளாக, தலையில் கோப்பைப் பெட்டியும் கையில் கெட்டிலுமாக நடக்கிற வேலை. கசுபாவுக்கு எட்டு வயதில் அவர் காட்டெருமை முட்டிச் செத்தார். மழை தொடங்கிவிட்டதால் உடலை மலைக்கு மேலே ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. ஆற்றங்கரையிலேயே புதைத்துவிட்டு ஒரு கடிதத்தை மட்டும் அனுப்பினார்கள். விதியை மீறி ஓடியதால் இறந்தார், முகாம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. அம்மா அதை மடித்து பைபிளுக்குள் வைத்தவள், சாகும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து ஊரில் பேசினார்கள். 'ஓடினவன் மகள்' என்பதுதான் ஏழாம் வகுப்புவரை கசுபாவுக்குப் பெயர்.

அதை மறந்துதான் இருந்தாள். போன வருஷம் ஒரு கல்யாண விருந்தில், எவனோ ஒருவன் தான் தங்கிவந்த முகாமைப் பற்றிச் சொன்னான். அங்கே ஒரு கெட்டில் தொங்குகிறதாம், அதைக் காட்டி ஒரு கதை சொல்கிறார்களாம், டீப்பெட்டியோடு ஓடிய ஒரு பெம்பாக்காரன் கதை. மேஜையே விழுந்து விழுந்து சிரித்தது. கசுபா கைகழுவ எழுந்து போனாள். மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்தாள்.

ஓடினாரா இல்லையா. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டும். ஓடினார் என்றால் ஓடினார், அதற்காக ஒரு மனுஷனை நாற்பது வருஷம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சிரிப்பதா என்று கேட்டுவிட்டுப் போவாள். ஓடவில்லை என்றால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் சும்மா போகமாட்டாள்.

அவள் வந்து சேர்ந்த சாயங்காலமே கெட்டில் இறங்கியது. ஆற்றைப் பார்த்த மரத்தடியில் தேநீர். அவளைத் தவிர ஹாலந்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி. மேனேஜர் சகாலா எல்லாருக்கும் கேக் நீட்டிக்கொண்டிருந்தார். வழிகாட்டி டாலிட்சோ, முப்பது வயசுக்காரன், மறுநாள் நடைக்கான விதிகளைச் சொல்ல எழுந்தான்.

"ரெண்டே ரெண்டு விதிதான். முன்னாடி துப்பாக்கியோட போறவர் என்ன சொல்றாரோ அதக் கேக்கணும். எது வந்தாலும் ஓடக்கூடாது. ஓடினா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துச் சாப்பாட்டுக் குடிசை உத்தரத்தில் தொங்கிய கெட்டிலை எடுத்தான். "இது சிதாலுவோட கெட்டில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்துநாலு. காட்டெருமை ஒரு தும்மல் போட்டுச்சு, அவ்வளவுதான். நம்ம ஆளு ஊரப் பாத்து ஓட ஆரம்பிச்சாரு. தனியா ஓடுறாரேன்னு காட்டெருமையும் தொணைக்கு ஓடிச்சு. விருந்தாளிங்க டீ வரும் டீ வரும்னு உக்காந்திருந்தாங்க. டீ வரவேயில்ல."

ஹாலந்துக்காரர் சிரித்தார். அவர் மனைவி கெட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள்.

"கீழ வைங்க அத." கசுபாவின் குரல் ரவுண்டானாக் குரல். அந்த அம்மாள் திடுக்கிட்டு வைத்துவிட்டாள். "நான் சிதாலுவோட மக."

டாலிட்சோ கெட்டிலை எடுத்து அவசரமாகத் திரும்ப மாட்டினான். அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்ததை வார்த்தை மாறாமல் சொல்பவன்.

சகாலா கேக் தட்டோடு ஓடிவந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அது ஒரு பாதுகாப்பு விஷயத்துக்காக..."

"எங்கப்பா செத்தது உங்களுக்குப் பாதுகாப்பு விஷயமா? போஸ்டர் அடிச்சு ஒட்டுங்களேன்."

அப்போது மரத்தடியில் சாய்ந்து நின்ற வனக்காவலர் பலமாகச் சிரித்தார். யோதாம் ஜெரே. தேசியப் பூங்காவின் தொப்பி, பச்சைச் சீருடை, தோளில் துப்பாக்கி, ஐம்பத்தொன்பது வயது. ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம்.

"பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, குரங்கு வாசன அடிக்குதேன்னு! குரங்கு தின்னி வந்திருக்கா. டாலிட்சோ, சமையக்காரிகிட்ட சொல்லிவை, நாளைக்கு மரத்துல ஒன்னு மிஞ்சாது. வா மச்சினி, வா."

கசுபாவின் பெம்பா இனமும் ஜெரேயின் அங்கோனி இனமும் கேலி முறை. பாட்டன் காலத்தில் வெட்டிக்கொண்டு செத்த இரண்டு கூட்டம், ஒரு கட்டத்தில் வெட்டுவதை நிறுத்திவிட்டுத் திட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டது. இவன் அவனைக் குரங்கு தின்னி என்பான், அவன் இவனை எலி தின்னி என்பான்; பஸ்ஸானாலும் ஆஸ்பத்திரியானாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில் இன்னும் மோசம். குழி வெட்டுவதும் கேலி முறைக்காரன்தான், குழியில் குதித்து, செத்தவன் மாதிரி நடந்து, பேசி, அழுகிற கூட்டத்தைச் சிரிக்கவைப்பதும் அவன்தான். கசுபாவே எத்தனையோ அங்கோனி லாரிக்காரர்களை 'எலி பிடிக்கவா இவ்வளவு வேகம்?' என்று கேட்டு, அபராதச் சீட்டுக் கிழிக்காமல் அனுப்பியிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் அந்த மரியாதையைக் கொடுக்கத் தயாராக இல்லை. "எனக்கும் உங்களுக்கும் முறையெல்லாம் கிடையாது. என் பேரு சார்ஜென்ட் கசுபா. பேரச் சொல்லிப் பேசுங்க."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. முறை கொண்டாடி வருகிறவனிடம் முறையில்லை என்று சொல்வது, கையில் கொடுத்த சோற்றைத் துப்புவது போல. ஜெரேயின் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றான் டாலிட்சோ மெதுவாக. "அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான். அன்னிக்கு உங்கப்பாகூட இருந்தவரே அவருதான். துப்பாக்கி அவருகிட்டதான் இருந்துச்சு."

கசுபா எழுந்து சாப்பாட்டுக் குடிசைக்குள் போனாள். முகாமைத் தொடங்கிய ஹால்ஸி என்ற வெள்ளைக்காரர் செத்து இருபது வருஷமாகிறது. அவருடைய தினக்குறிப்பில் ஒரு பக்கத்தைக் கிழித்துச் சட்டம் போட்டிருந்தார்கள். பழுப்பேறிய தாள், சாய்ந்த கையெழுத்து.

'நவம்பர் 14. காலை நடை, ஆற்று வளைவு. தனிக் காட்டெருமை, பின்னாலிருந்து. டீப்பெட்டிக்காரன் சிதாலு ஓடினான், இறந்தான். நான் பார்க்கவில்லை, ஜெரே சொன்னது. அன்றே அடக்கம். கோப்பைகள் ஆறு, ஒன்றும் உடையவில்லை. கெட்டில் நசுங்கியது. வேறு ஆள் வேண்டும்.'

'வேறு ஆள் வேண்டும்' என்ற இடத்தில் அவளுக்குக் காது அடைத்தது. அதைத் தாண்டித் திரும்ப முதலிலிருந்து படித்தாள், ஸ்டேஷனில் விபத்து அறிக்கையைப் படிக்கிற மாதிரி, விரல் வைத்து. விபத்து அவளுக்குத் தெரியும். லாரி வருகிறதென்று ஓடுகிறவன் கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட்டு ஓடுவான். அவள் போய்ச் சேரும்போது சாலையெங்கும் செருப்பும் பையும் உடைந்த முட்டையுமாகக் கிடக்கும். குழந்தையைக்கூடப் போட்டுவிட்டு ஓடிய தாயை அவள் பார்த்திருக்கிறாள்.

அவள் விரல் கோப்பைகள் என்ற சொல்லில் நின்றது. இத்தனை வருஷமாக ஆயிரம் பேர் இந்தச் சட்டத்தின் முன் நின்று சிரித்திருக்கிறார்கள். ஒரு கழுதைக்கும் இது கண்ணில் படவில்லை.

சகாலா பின்னாலேயே வந்தார். கைகளைப் பிசைந்தார். "மேடம், உங்களுக்கு வேற குடிசை தர்றேன், ஆத்தப் பாத்த குடிசை. விருந்தாளிங்க முன்னாடி மட்டும் இந்தப் பேச்சு வேணாமே. பாவம், அவங்க ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க."

"நான் நாப்பது வருஷத்துலேர்ந்து வந்திருக்கேன்," என்றாள் கசுபா. "எனக்கு என் குடிசையே போதும்."

மறுநாள் காலை வரிசையாக நடந்தார்கள். முன்னால் ஜெரே, அடுத்து டாலிட்சோ, பிறகு ஹாலந்துக்காரர்கள், கசுபா, கடைசியில் இப்போதைய டீப்பெட்டிக்காரர் லாபான். ட்செட்சே ஈ சட்டைக்கு மேலேயே கடித்தது. நிற்கிற இடத்திலெல்லாம் ஜெரே ஏதாவது ஒரு கேலி விட்டார். சாணியைக் காட்டி, "இது பபூன் குரங்கு போட்டது, மச்சினிக்குக் காலைப் பலகாரம் எந்தப் பக்கம் போயிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்," என்றார். கசுபா அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். நேரம் ஆக ஆக டாலிட்சோவும் சிரிப்பதை நிறுத்திவிட்டான். ஆளில்லாத கேலி அந்தக் காட்டில் கேட்கச் சகிக்கவில்லை.

ஆற்று வளைவில் டீக்கு நின்றார்கள். லாபான் சுள்ளி பொறுக்கப் போனார். ஹாலந்துக்காரர்கள் நீர்யானைகளைப் பார்க்க டாலிட்சோவோடு கரை ஓரத்துக்குப் போனார்கள். கசுபா ஜெரேயின் எதிரில் போய் நின்றாள்.

"குழி எங்க?"

அவர் ஆற்றைக் காட்டினார். நடு ஆற்றில், பழுப்புத் தண்ணீர் சுழன்று ஓடும் இடத்தை. "அப்ப கரை அங்க இருந்துச்சு. தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல போயிடுச்சு. குரங்கு தின்னிய முதல தின்னுடுச்சு, மச்..."

"இன்னொரு தடவ மச்சினின்னா அந்தத் துப்பாக்கியப் பிடுங்கி உன் மண்டையில போடுவேன்." இதுவரை 'நீங்க' என்று பேசியவள், அது போனதையே கவனிக்கவில்லை. "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. காட்டெருமை எங்கேர்ந்து வந்துச்சு?"

"பின்னாலேர்ந்து. நாங்க தாண்டிப் போன புதர்ல படுத்திருந்துச்சு. ஹால்ஸி துரை என்னப் பின்னால போடான்னு அனுப்பிட்டு, விருந்தாளிங்களக் கரைக்குக் கீழ எறக்கினாரு."

"அப்ப கடைசில எங்கப்பா, பக்கத்துல நீ. வேற யாரும் இல்ல."

"இல்ல."

"டீப்பெட்டி எங்க இருந்துச்சு?"

ஜெரே துப்பாக்கியின் தோல்வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

"நான் சொல்றேன். பாதையில நேரா இருந்துச்சு. மூடி மூடினபடியே இருந்துச்சு. உள்ள ஆறு கோப்பை, பீங்கான். தலையில வெச்சுக்கிட்டு ஓடினா ஆறும் தூள். தூக்கிப் போட்டுட்டு ஓடினாலும் தூள். ஒன்னுகூட உடையல. ஹால்ஸியே எழுதி வெச்சிருக்கான், போய்ப் பாரு. பெட்டிய ரெண்டு கையால எறக்கி, குனிஞ்சு, தரையில வெச்சவன் ஓடுவானா? கெட்டில் நேரா முட்டு வாங்கி நசுங்கியிருக்கு. ஓடுறவன் அத முதுகுலயா கட்டிக்கிட்டு ஓடினான்?"

லாபான் சுள்ளிகளோடு வந்தவர், இருவரையும் பார்த்துவிட்டுத் தள்ளியே நின்றுகொண்டார்.

"ஓடினது யாரு?" என்றாள் கசுபா.

ஜெரே கீழே உட்கார்ந்தார். அந்த ஒட்டிக்கொண்ட சிரிப்பு அப்போதுதான் விழுந்தது. அதற்கு அடியில் இருந்தது ஒரு கிழவனின் முகம்.

"எனக்கு இருவது வயசு. வேலைக்கு வந்து மூணு மாசம். அது வந்த வேகத்துல எனக்குத் துப்பாக்கி கையில இருக்கறதே மறந்துபோச்சு. நான் திரும்பி ஓடினேன். உங்கப்பா பெட்டிய எறக்கி வெச்சாரு. கெட்டிலத் தட்டிச் சத்தம் போட்டாரு. என்னப் பாத்து, 'நில்லுடா எலி தின்னி, நின்னு சுடு'ன்னு கத்தினாரு. அப்பவும் கேலிதான் பண்ணினாரு. எனக்குக் காதுல விழுந்துச்சு. நான் நிக்கல. பத்தடி ஓடினப்புறம் திரும்பிச் சுட்டேன். அதுக்குள்ள..."

கசுபா குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தாள்.

"அப்புறம் ஏன் அவர் ஓடினாருன்னு சொன்ன?"

"சொல்லல. சத்தியமா சொல்லல. பொதைக்கறப்ப நான்தான் முறைக்காரன். குழி வெட்டினதும் நான்தான். எல்லாரும் என்னையே பாத்தாங்க, இவன் என்ன கேலி பண்ணப் போறான்னு. எனக்கு ஒன்னும் வரல. வாயில வந்தது அதுதான். அவர மாதிரி தலையில பெட்டி வெச்சுக்கிட்டு ஓடிக் காமிச்சேன். பெம்பாக்காரன் ஓடினா மானும் பின்தங்கிடும்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. துரை, என்ன சொல்றான்னு சமையக்காரரக் கேட்டாரு. அவரு அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிட்டாரு. துரைக்கு நம்ம முறை என்ன தெரியும்? வீட்டுக்குப் போய் எழுதி வெச்சுட்டாரு."

"மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"அடுத்த வருஷம் சொல்லியிருக்கலாம். சட்டம் மாட்டினப்ப சொல்லியிருக்கலாம். எத்தன தடவ உன் முன்னாடியே இவன் கெட்டிலத் தூக்கிக் காமிச்சிருப்பான்! நீ மரத்துல சாஞ்சுக்கிட்டு சிரிச்ச."

"அது கேலிதானேன்னு நெனச்சுக்குவேன்," என்றார் ஜெரே. "அப்படி நெனச்சா தூக்கம் வரும்."

"எங்கம்மாவுக்கு வரல," என்றாள் கசுபா. "எல்லார் முன்னாடியும் சொல்லு. இன்னிக்கே."

திரும்பி வந்து சாப்பாட்டுக் குடிசையில் கூடியபோது வெயில் ஏறியிருந்தது. விருந்தாளிகளுக்கு மேஜையில் முட்டையும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். பணியாளர்கள் பின்கட்டில் ஷிமா என்ற சோளக் களியைக் கபெண்டா மீனோடு பிசைந்துகொண்டிருந்தவர்கள், ஜெரே கூப்பிட்டதால் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றார்கள்.

ஜெரே மேஜைத் தலைமாட்டில் நின்றார். "சிதாலு ஓடல. ஓடினது நான்."

சமையல்காரி முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள்.

"சத்தியமாச் சொல்றேன். அந்தப் பெம்பாக்காரரு நின்னாரு. நான் அங்கோனி, நான் ஓடினேன்."

இதைக் கேட்டதும் லாபானைத் தவிர யாராலும் அடக்க முடியவில்லை. ஒரு அங்கோனி வாயால், அதுவும் ஒரு பெம்பாக்காரி முன்னால், இப்படி ஒரு வார்த்தையா! கேலியிலேயே இது பெரிய கேலி அல்லவா! "கெழவனுக்கு இன்னும் குசும்பு போகல பாரு," என்றாள் சமையல்காரி. "மச்சினி கோவத்தத் தணிக்க எப்படி விழறாரு பாரு!" டாலிட்சோ கைதட்டினான். ஜெரேயின் கண்ணில் தண்ணீர் வடிந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு இன்னும் கூடியது. சாவு வீட்டில் இதைவிட நன்றாக அழுது நடிப்பார், எல்லாருக்கும் தெரியும்.

கசுபா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். பள்ளிக்கூடத்தில் கேட்டது, கல்யாண விருந்தில் கேட்டது. இப்போது அப்பா நின்றார் என்று சொன்னாலும் அதே சிரிப்பு. நாற்பது வருஷம் ஒரு மனுஷன் கேலியாகவே பேசினால், அவனிடம் உண்மை இருந்தாலும் அதை வைக்க இடமில்லாமல் போகிறது. அவளுக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. ஆனால் அது அவளுக்குப் போதாது.

"கேலி பண்ணாம சொல்லு," என்றாள். "எப்படிச் சொல்லுவியோ எனக்குத் தெரியாது."

ஜெரே தோளிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில், வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மூன்றாவது தோட்டாவுக்கே சமையல்காரியின் சிரிப்பு நின்றுவிட்டது. பணியில் இருக்கும் வனக்காவலர் துப்பாக்கியைக் கீழே வைக்கமாட்டார். சாப்பிடும்போதும் முழங்காலில் சாய்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். ஜெரே வெறும் துப்பாக்கியை மேஜைமேல் படுக்கவைத்தார். தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அவர் தலை வழுக்கை என்பதே அங்கே பலபேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பெட்டிய எறக்கி வெச்சுட்டு நின்னாரு," என்றார். "கோப்பை உடையல. அங்க எழுதியிருக்கு."

டாலிட்சோ சட்டத்தின் அருகே போனான். படித்தான். படித்துவிட்டுத் திரும்பியவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சகாலாதான் முதலில் வாயைத் திறந்தார். "நாலு மாசத்துல ஓய்வு. இப்பப் போய் இது எதுக்கு, ஜெரே? பூங்கா அதிகாரிங்க காதுல விழுந்தா என்ன ஆகும்?" பிறகு கசுபாவிடம் திரும்பினார். "சரி மேடம், ஆனது ஆச்சு. கெட்டிலயும் காகிதத்தயும் கழட்டிடறோம். இனிமே அந்தக் கதையே இல்ல. திருப்தியா?"

"கழட்டினா மறுபடியும் அவர் ஓடினவர்தான். சொன்னவங்கதான் இங்க இருக்காங்க, கேட்டவங்க ஊரெல்லாம் இருக்காங்க," என்றாள் கசுபா. ஜெரேயைப் பார்த்தாள். "துப்பாக்கிய எடு. தொப்பியப் போடு. நாலு மாசம் இருக்கில்ல? வர்ற ஒவ்வொரு விருந்தாளிக்கும் இந்தக் கதைய நீ சொல்லணும். டாலிட்சோ இல்ல, நீ. துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டுச் சொல்லணும்."

"அப்படிச் சொன்னா எவன் என் பின்னால நடப்பான்?" என்றார் ஜெரே.

"அது உன் பாடு."

மறுநாள் காலை, கசுபா கிளம்பவேண்டிய நாள். வண்டி பத்து மணிக்குத்தான். நடைக்கு எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். ஜெரே தொப்பியைச் சரிசெய்துகொண்டு இரண்டு விதிகளையும் சொன்னார். பிறகு கெட்டிலைக் காட்டி, நேற்று ஊர்ப் பேச்சில் சொன்னதை இன்று விருந்தாளிகளுக்குப் புரிய இங்கிலீஷில், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல் சொன்னார். காட்டெருமை வந்தது. சிதாலு நின்றார். நான் ஓடினேன். அதனால் அவர் செத்தார்.

ஹாலந்துக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். "அப்படின்னா நாங்க எத நம்பி இவர் பின்னால வர்றது?" என்று டாலிட்சோவிடம் கேட்டார். சகாலா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஜெரே எதிரில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது நாலு மாதம் தினமும் நடக்கப்போகிறது.

"நான் வர்றேன்," என்றாள் கசுபா.

லாபானிடமிருந்து பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அவர் கையில் இருந்த புதுக் கெட்டிலை வேண்டாம் என்றாள். உத்தரத்திலிருந்து நசுங்கிய கெட்டிலை எடுத்தாள். "மேடம், அது முகாமோட சரித்திரம்," என்றார் சகாலா. "எங்கப்பாவுது," என்றாள். அவர் விலகி வழிவிட்டார். ஹாலந்துக்காரர்கள் தங்களுக்குள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தார்கள், அவள் வருகிறாள் என்பதால்.

முன்னால் ஜெரே, கடைசியில் கசுபா. நடுவில் மூன்று பேர். பெட்டி கனத்தது. அப்பாவுக்கு இந்த இடத்திலிருந்து என்ன தெரிந்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். முன்னால் போகிறவர்களின் முதுகுகள்தான் தெரிந்தன. பின்னால் காடு மொத்தமும் திறந்து கிடந்தது. கழுத்தில் வேர்வை இறங்கியது.

ஆற்று வளைவை நெருங்கும்போது இடதுபக்கப் புதர் முறிந்தது. கனமான எதுவோ. ஜெரே கையைத் தூக்கினார். வரிசை நின்றது. புதர் மறுபடி முறிந்தது, இன்னும் கிட்டத்தில். ஹாலந்து அம்மாள் கணவனின் சட்டையைப் பிடித்தாள்.

கசுபா பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, பாதையில் வைத்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின, அவ்வளவுதான். நிமிர்ந்து ஜெரேயைப் பார்த்தாள். துப்பாக்கி குறிபார்த்து அவர் தோளில் ஏறியிருந்தது. ஆனால் இடது குதிகால் தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை.

"நில்லுடா எலி தின்னி," என்றாள், சத்தம் போடாமல்.

குதிகால் கீழே இறங்கியது.

புதரை விலக்கிக்கொண்டு நீர்யானை ஒன்று வந்தது, மேய்ந்துவிட்டு ஆற்றுக்குத் தாமதமாகத் திரும்புகிற ஒன்று. பாதையில் நின்று அவர்களைப் பார்த்தது. துப்பாக்கி அசையவில்லை. அது மூச்சை ஊதிவிட்டு, கரையில் சரிந்து, தண்ணீருக்குள் போயிற்று.

ஜெரே மெல்லத் திரும்பினார். நடுவில் இருந்த மூன்று பேரையும் தாண்டி அவளைப் பார்த்தார். உதடு ஏதோ சொல்லப் போனது. மச்சினி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று அந்த முகம் கேட்டது.

கசுபா ரவுண்டானாவில் லாரிக்காரனுக்குக் காட்டுவதுபோல் கையை நீட்டி அசைத்தாள், போ என்று. பிறகு குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.